நாதஸ்வரச் சாயல் சிந்த்: மேல் சுரங்களில் வரும் உறுமலை எப்படி நீக்குவது?

ஹட்டன்_தொனி:
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழாவில் வாசிக்க, நாதஸ்வரச் சாயலில் ஒரு சொஃப்ட்வேர் சிந்த் (ஒலியைக் கணித்து உண்டாக்கும் நிரல்) எழுதுகிறேன். சாம்பிள் ரேட் (ஒரு செக்கனுக்கான ஒலி மாதிரிகள்) 48000. ஒஸிலேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி) சாதாரண சோடூத் (ரம்பப்பல் அலை): அவத்தை, அதாவது ஒரு சுற்றில் அலை நிற்கும் இடம், 0 இலிருந்து 1 வரை ஏறி, மறுபடி 0 க்கு விழும். கீழ் ஸ்தாயி நன்றாக இருக்கிறது. மேலே போய்க் கமகம் போட்டால், சுரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உறுமல் கூடவே அலைகிறது. உயர் மீடிறன்களை வெட்டும் லோபாஸ் ஃபில்ட்டர் போட்டும் போகவில்லை. 4 மடங்கு ஓவர்சாம்பிள் செய்தால் (கூடிய ரேட்டில் கணித்துவிட்டு இறக்கினால்) தீருமா?

பதுளை_சிக்னல்:
ஃபில்ட்டரால் போகாது. ஒஸிலேட்டரை விட்டு வெளியே வரும்போதே அந்தச் சத்தம் கேட்கும் மீடிறனுக்குள் வந்துவிட்டது. மிடி சுர எண் 96 ஐ எடுத்துப் பாருங்கள், 2093 ஹேர்ட்ஸ். 12 ஆவது ஹார்மொனிக்கே (அடிச்சுரத்தின் 12 மடங்கு மீடிறன்), சாம்பிள் ரேட்டில் பாதியான 24000 ஐத் தாண்டி மடங்கத் தொடங்கும், அதாவது கீழ் மீடிறனாகத் திரும்பி விழும். 23 ஆவது 48139, அது 139 ஹேர்ட்ஸில் வந்து விழும். வீச்சம் அடிச்சுரத்தைவிட 27 டெசிபெல்தான் குறைவு. 22 ஆவதும் 24 ஆவதும் 1954, 2232 இல் விழுந்து, 2093 ஐ இரண்டு பக்கமும் உரசும். ஹோர்ன் ஸ்பீக்கரில் 139 கேட்காவிட்டாலும் இந்த உரசல் நன்றாகக் கேட்கும்.

கமகத்தில் இன்னும் மோசம். 2070 இலிருந்து 2093 க்கு இழுக்கும்போது, அந்த 23 ஆவது 390 இலிருந்து 0 வரை இறங்கி, திரும்ப 139 க்கு ஏறும். நீங்கள் சொல்லும் அலைச்சல் அதுதான்.

ஓவர்சாம்பிளிங்கை முதலில் எடுக்காதீர்கள். சோடூத்தின் ஹார்மொனிக்குகள் மிக மெதுவாகவே தணிவதால், ரேட்டை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபெல்தான் கிடைக்கும். 4 மடங்கு வேலைக்கு 12 டெசிபெல், கட்டாது.

பண்டாரவளை_அலை:
பொலிபிளெப் (அலையின் திடீர் விழுச்சியை மென்மையாக்கும் சிறு திருத்தம்) போடுங்கள், தம்பி. அலை விழும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு சாம்பிளை மட்டும் திருத்தினால் போதும். அவத்தை அ, ஒரு சாம்பிளுக்கான படி ப = மீடிறன் ÷ 48000.

அ < ப என்றால்: க = அ ÷ ப, திருத்தம் = 2க − க² − 1
அ > 1 − ப என்றால்: க = (அ − 1) ÷ ப, திருத்தம் = க² + 2க + 1
மற்ற இடங்களில் திருத்தம் 0.
வெளியீடு = 2அ − 1 − திருத்தம்

சதுர அலை வேண்டுமென்றால், பல்ஸ் அகலத்தால் நகர்த்திய இன்னொரு சோடூத்தை இதிலிருந்து கழியுங்கள். 24000 ஐ ஒட்டிக் கொஞ்சம் மிச்சம் இருக்கும், உச்சியும் சற்று மங்கும். ஆனால் காதைக் குத்தும் கீழ்ப் பகுதி சுத்தமாகிவிடும்.

ஹட்டன்_தொனி:
உறுமல் போய்விட்டது, அண்ணே. ஆனால் ஹார்ட் சிங்க் போட்டால் (மாஸ்டர் ஒஸிலேட்டர் ஒரு சுற்றை முடிக்கும்போதெல்லாம் ஸ்லேவ் ஒஸிலேட்டரை 0 க்குத் திருப்பினால்) மறுபடி கரகரக்கிறது.

பண்டாரவளை_அலை:
சிங்க்கில் விழுச்சி இரண்டு சாம்பிளுக்கு நடுவில் நடக்கிறது. அவத்தையை வெறும் 0 ஆக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாம்பிள்வரை பிசகும். மாஸ்டர் 1 ஐத் தாண்டி மீந்ததை அதன் படியால் வகுத்தால், விழுந்து எவ்வளவு நேரம் என்பது கிடைக்கும். அதை ந என்போம். ஸ்லேவின் புது அவத்தை = ந × ஸ்லேவ் படி. விழும் கணத்தில் ஸ்லேவ் இருந்த அவத்தை வ என்றால், முந்திய சாம்பிளில் வ × ந² ஐக் கழியுங்கள், இந்தச் சாம்பிளில் வ × (1 − ந)² ஐக் கூட்டுங்கள். முந்திய சாம்பிளைத் திருத்த வேண்டியிருப்பதால் வெளியீட்டை ஒரு சாம்பிள் தாமதியுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தத் தாமதத்தைத்தான்.

பதுளை_சிக்னல்:
பின்னால் டிஸ்டோர்ஷன் (அலையை வேண்டுமென்றே சிதைக்கும் எஃபெக்ட்) வைத்தால் அங்கே ஓவர்சாம்பிளிங் அவசியம், பொலிபிளெப் அங்கே உதவாது. அந்தப் பகுதியை மட்டும் 192000 இல் ஓட்டி, மேல் பாதி மீடிறன்களை வெட்டும் ஹாஃப்பாண்ட் ஃபில்ட்டர் இரண்டை வரிசையாக வைத்து 48000 க்கு இறக்குங்கள். இறக்கும்போது ஃபில்ட்டர் இல்லாமல் நான்கில் மூன்று சாம்பிளை வீசினால், செய்த வேலை எல்லாம் வீண்.