மறுமொழி: 'போலி வலிப்பு' வேண்டாமே

> 'போலி வலிப்பு' என்றே வைக்கலாம். சுருக்கம், எல்லோருக்கும் புரியும்.

ஐயா, மனக் காரணத்தால் வரும், கால்கை வலிப்பு அல்லாத வலிப்புக்குத் (ஆங்கிலத்தில் psychogenic non-epileptic seizure) தமிழில் நீங்கள் சொல்லும் பெயர் இது. புரிந்துவிடும் என்பதுதான் சிக்கல். நான் இருப்பது கீழக்கரையில். இங்கே போலி என்றால் நடிப்பு. 'சும்மா நடிக்கிறா' என்று வீட்டார் ஏற்கனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு நாமும் முத்திரை குத்த வேண்டுமா? இந்த வலிப்பு வருபவர் வேண்டுமென்று செய்வதில்லை. மூளையின் மின் அலைப் பதிவும் (EEG) வீடியோவும் ஒருசேர எடுத்தால், உடம்பு உதறும்போது கால்கை வலிப்புக்குரிய மின்பாய்ச்சல் அதில் இராது. அது தெரியாமல் வலிப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. மனநோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிவரப்படுகிறவர்களும் உண்டு. பெயர் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2001 ஆகஸ்டில் அந்த ஊர் மனநலக் காப்பகத் தீயைப் பார்த்த எங்களுக்கு மறக்காது. சங்கிலியில் கிடந்தவர்கள், 28 பேர் இறந்துபோனார்கள்.

'வலிப்பு' இருக்கட்டும். வலித்தல் என்றால் இழுத்தல். தண்டு வலிப்பது என்று கடலில் சொல்வோமே, அதே சொல். உடம்பு இழுப்பதைத்தான் அது குறிக்கிறது, காரணத்தை அல்ல. (காக்கா வலிப்பிலும் காக்கை கிடையாது, கால்கை திரிந்ததுதான்.) முன்னால் 'உளவழி' சேர்த்து 'உளவழி வலிப்பு' என்றால் போதும்.

அப்புறம், இவர்களின் ஆளுமை பற்றிய பத்தியில் 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வரவேண்டியது 'ஆளுமைக் கூறு'. எளிதில் பதறுவது ஒரு கூறு, கோளாறு அல்ல. சிலர் உணர்ச்சியில் பொங்கிவிடுகிறார்கள், சிலர் அடக்கி அடக்கியே வைக்கிறார்கள். எல்லோரும் ஒரே வார்ப்பில்லை.

மனநல மருத்துவர் சிஃப்னியோஸ் 1970களில் 'அலெக்சிதைமியா' என்று பெயர் வைத்த கூறும் இவர்களைப் பற்றி அடிக்கடி பேசப்படுகிறது. கிரேக்கத்தில் 'இல்லை', 'சொல்', 'உணர்வு' என மூன்று துண்டு. நீங்கள் தந்த 'உணர்வறியாமை' அதில் நடுத்துண்டை விட்டுவிட்டது. உணர்வு இருக்கிறது, சொல்தான் வரவில்லை. கடலுக்குப் போன படகு இரவெல்லாம் திரும்பவில்லை. காலையில் அந்த வீட்டம்மாவிடம் கேட்டால் 'ஒரு மாதிரியா இருக்கு, நெஞ்சை அடைக்குது' என்பார். பயமா, கோபமா? பிரிக்க வராது. (அதனால் அவருக்கு இந்தக் கூறு இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள், நம் எல்லோர் பேச்சும் அப்படித்தான். எப்போதும், எதற்கும் அப்படியே இருந்தால்தான் இந்தப் பெயர்.)

'உணர்சொல்லின்மை' என்று வைத்துப் பார்க்கிறேன். உணர்சொல், வினைத்தொகை. வாயில் கொஞ்சம் கனக்கிறது, தெரியும். இளக்கித் தர யாருக்காவது வருமா?