ட்ரோன்ல பேஸ் ஸ்டேஷன் (போன் டவர்ல இருக்கற சிக்னல் கருவி) வச்சு கவரேஜ் குடுக்கறப்போ எங்க, எவ்ளோ உயரத்துல நிறுத்தறது?

அலைவரிசை
வணக்கம். வெள்ளத்துல டவர் எல்லாம் போயிடுச்சுன்னு வச்சுக்கிட்டு ஒரு சிமுலேஷன் பண்றேன். 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் ஏரியா, 200 போன், 4 ட்ரோன். யூசர்கள கே-மீன்ஸ்ல (பக்கத்துல பக்கத்துல இருக்கறவங்கள ஒரு கூட்டமா சேக்கற கணக்கு முறை) 4 கூட்டமா பிரிச்சு ஒவ்வொரு கூட்டத்தோட நடுவுலயும் ஒரு ட்ரோன 100 மீட்டர் உயரத்துல நிறுத்தறேன். மேப்புல பாக்க நல்லாத்தான் இருக்கு ஆனா ஓரத்துல இருக்கற நிறைய பேருக்கு சிக்னலே வரல, நடுவுல இருக்கறவங்களுக்கு தேவைக்கு மேலயே வருது. நிமிஷத்துக்கு ஒரு தடவ மறுபடி கணக்கு போட்டு ட்ரோன நகத்தினா சரியாகுமா? இல்ல அடிப்படையே தப்பா?

காற்றுவெளி
உயரத்த 100ன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. ட்ரோன் தாழ இருந்தா கட்டடம் மறைக்கும், மறைச்சா சிக்னல்ல சுமார் 20 டெசிபல் (சிக்னல் பலத்த அளக்கற அலகு) கூடுதலா குறைஞ்சிடும். மேல ஏத்தினா மறைப்பு குறையும் ஆனா தூரம் கூடும், தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் இழப்பு. இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல உயரம் இருக்கு. 2014ல அல்-ஹௌரானிங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் இத ஒரு கோணமா கணக்கு போட்டு குடுத்தாங்க: ட்ரோனோட சிக்னல் எட்டற வட்டத்தோட ஓரத்துல நிக்கற ஆள் ட்ரோன அண்ணாந்து பாக்கற கோணம் புறநகர்ல சுமார் 20 டிகிரி, நகரத்துல 42, வானுயர கட்டடங்களுக்கு நடுவுல 75. அப்போ 500 மீட்டர் ஆரத்துக்கு புறநகர்ல 185 மீட்டர் உயரம் போதும், நகரத்துல 450க்கு மேல போகணும். ஆனா பல நாடுகள்ல தனி அனுமதி இல்லாம 120 மீட்டருக்கு மேல பறக்க முடியாது, அதனால நகரத்துக்குள்ளன்னா வட்டத்த சின்னதாக்கி ட்ரோன் எண்ணிக்கைய கூட்டறதத் தவிர வழி இல்ல.

புள்ளிக்கோலம்
கே-மீன்ஸையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க. அது மொத்தமா எல்லாருக்கும் தூரம் குறையணும்னு பாக்குமே தவிர கடைசி ஆளுக்கு எட்டுதான்னு பாக்காது, அதனாலதான் கூட்டம் அதிகமா இருக்கற பக்கம் ட்ரோன் சாயுது. வெளி ஓரத்துல இருக்கற ஒரு ஆளுல ஆரம்பிங்க, அவர உள்ள வச்சுக்கிட்டே முடிஞ்ச அளவு மத்தவங்களையும் சேத்துக்கிற மாதிரி ஒரு வட்டம் போடுங்க, அப்புறம் ஓரமாவே சுத்தி சுத்தி உள்ள வாங்க. இது எப்பவுமே மிகச்சிறந்த விடை தரும்னு சொல்ல முடியாது, ஆனா ஓரத்து ஆளுங்க விட்டுப்போக மாட்டாங்க. ஒரு ட்ரோனுக்கு இத்தன பேருக்கு மேல கூடாதுன்னு ஒரு வரம்பும் வைங்க.

அலைவரிசை
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கோணத்த வச்சு உயரத்த மாத்தினதுமே நல்ல வித்தியாசம் தெரியுது. நகத்தற விஷயம்?

தரைநிலையம்
நகத்தறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க, சிமுலேஷன் பண்றவங்க பெரும்பாலும் இத விட்டுடறாங்க.

ஒண்ணு பேக்ஹால். போன்ல சிக்னல் முழுசா காட்டும், ஆனா ட்ரோன்லேர்ந்து நெட்வொர்க்குக்கு இணைப்பு இல்லன்னா ஒரு மெசேஜ் கூட போகாது. உயிரோட இருக்கற ஒரு டவரோ சேட்டிலைட் இணைப்போ எங்க இருக்குன்னு முதல்ல மேப்புல குறிங்க, அதுக்கு எட்டற தூரத்துக்குள்ள மட்டும் இடம் தேடுங்க.

ரெண்டாவது பேட்டரி. 25 நிமிஷம் பறக்கற ட்ரோன், போய் வர 5 நிமிஷம்னா சேவை 20 நிமிஷம்தான். இறங்கினதும் பேட்டரி மாத்த 5 நிமிஷம் ஆச்சுன்னா ஒரு சுத்து 30 நிமிஷம், அப்போ ஒரு இடத்துக்கு ஒன்றரை ட்ரோன், 4 இடத்துக்கு 6 வேணும். மாத்த பேட்டரி இல்லாம ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டீங்கன்னா அதே 4 இடத்துக்கு 17 வேணும்! 2017ல மரியா புயலுக்கு அப்புறம் புவேர்ட்டோ ரிக்கோவுல ஏடி அண்ட் டி இறக்கின ட்ரோன தரையோட கேபிள்ல கட்டித்தான் பறக்க விட்டாங்க, உயரம் சுமார் 60 மீட்டர்தான் ஆனா கரண்ட் கீழேர்ந்தே போயிட்டு இருந்தது. உங்க 4ல ஒண்ணையாவது அப்படி வச்சு பாருங்க.

நிமிஷத்துக்கு ஒரு தடவ நகத்தறது வேண்டாம். நகர்றதுக்கு செலவாகற கரண்ட் பெரிய விஷயமே இல்ல, மிதமான வேகத்துல போற ட்ரோன் ஒரே இடத்துல நிக்கறத விட கம்மியாத்தான் இழுக்கும். ஆனா ஓரத்துல இருக்கற போன் எல்லாம் ஒரு ட்ரோன்லேர்ந்து இன்னொண்ணுக்கு தாவிக்கிட்டே இருக்கும், கால் கட்டாகும். புது இடத்துல கணிசமா அதிகம் பேருக்கு கிடைக்கும்னா மட்டும் நகத்துங்க, பேட்டரி மாத்த இறங்கறப்போ நகத்தினா இன்னும் நல்லது.

அலைவரிசை
பேக்ஹால் தூரத்த போட்டதும் ஒரு ட்ரோன் நான் வச்ச இடத்துலேர்ந்து தள்ளி டவர் பக்கமா வந்துடுச்சு, அதால அந்த மூலைல ஒரு சின்ன கூட்டம் விட்டுப்போச்சு. நடுவுல இன்னொரு ட்ரோன வெறும் ரிலேவா (சிக்னல வாங்கி அடுத்ததுக்கு அனுப்பறதுக்கு மட்டும்) நிறுத்தினா எட்டும்னு தோணுது, இன்னைக்கு ராத்திரி ஓட்டி பாத்துட்டு வந்து சொல்றேன்.