பிடிஎஃப் அட்டவணையைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவந்த கதை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளிலிருந்து ஊர்வாரி விவரங்களை எடுத்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலையில் இருந்தேன். எக்ஸெல் கோப்பாகவே கிடைக்கும் அட்டவணைகள் நிறைய உண்டு. முதலில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் பிடிஎஃப் பக்கமே வர வேண்டாம். கையேட்டில் மட்டும் இருந்தவற்றுக்காகத்தான் நாங்கள் இதில் இறங்கினோம்.

பெரும்பாலான பிடிஎஃப்களுக்குள் அட்டவணை என்ற ஒன்றே கிடையாது. இந்த எழுத்தை இந்த இடத்தில் வை, இங்கிருந்து அங்கே ஒரு கோடு போடு என்கிற கட்டளைகள்தான் உள்ளே இருக்கின்றன. வரிசை, நெடுவரிசை எல்லாம் நம் கண் சேர்த்துக்கொள்வது. டேபுலா, கேமலாட் போன்ற கருவிகள் அதைத்தான் ஊகிக்கின்றன. கட்டம் போட்ட அட்டவணை என்றால் கோடுகளை வைத்துப் பிரிக்கும், கோடு இல்லாவிட்டால் இடைவெளியை வைத்து. இடைவெளி முறையில்தான் ஆபத்து. ஒரு கட்டம் காலியாக இருந்தால், அதற்கு அடுத்து வரும் மதிப்புகள் எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிடலாம்.

எண்ணாக இருந்தால் இதைப் பிடித்துவிடலாம். ஊர் விவரப் பட்டியலில் அப்படி முடியாது. ஒரு வசதி ஊரில் இல்லையென்றால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஓர் எழுத்தால் குறித்திருப்பார்கள்: 5 கிலோமீட்டருக்குள் என்றால் ஏ, 5 முதல் 10 வரை பி, அதற்கு மேல் சி. நெடுவரிசைக்கு நெடுவரிசை இதே மூன்று எழுத்துகள்தான். ஒரு கட்டம் நகர்ந்தால் பள்ளிக்கூடத்தின் தூரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், பார்த்தால் எந்தத் தப்பும் தெரியாது. அந்தத் தரவை நம்பி எங்கே ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று யாராவது முடிவு செய்தால், பாதிக்கப்படுவது அந்த ஊர் மக்கள். எனக்கு இந்த வேலையில் மற்ற எதையும்விட இதுதான் முக்கியமாகப் பட்டது.

எங்களுக்குக் கைகொடுத்தது, தலைப்புக்குக் கீழே 1, 2, 3 என்று நெடுவரிசை எண்கள் அச்சாகியிருக்கும் அந்த ஒரு வரி. அரசாங்க அட்டவணைகளில் இது வழக்கம். பலரும் தரவோடு கலந்துவிட்ட குப்பை என்று அதை நீக்கிவிடுகிறார்கள். பிடிஎஃப்பிளம்பர் என்ற பைதான் நிரல் நூலகம் ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று சொல்லும். அந்த எண்கள் நிற்கும் இடங்களை எடுத்து, நெடுவரிசை எல்லைகளை நாங்களே வரையறுத்துக் கொடுத்தோம். பக்கத்துக்குப் பக்கம் அச்சு கொஞ்சம் விலகும், அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தப் பக்கத்து வரியையே அளவாக வைத்தோம். எண்கள் வலப்பக்கம் ஒட்டி அச்சாகியிருந்தால், எழுத்தின் வலது விளிம்பைப் பார்ப்பது நல்லது.

அப்புறம் ஏற்றுவது. முதல் அட்டவணையில் எல்லாமே வெறும் உரை. கூடவே கோப்பின் பெயர், பக்க எண், வரி எண். இதை விட்டுவிட்டால் பிறகு சந்தேகம் வரும்போது எந்தப் பக்கத்தைத் திறப்பது? ஊர்க் குறியீடுகளின் முன்னால் நிற்கும் பூஜ்யமும் இப்படி உரையாக வைத்தால்தான் அழியாமல் நிற்கும். இரண்டாவது அட்டவணைக்குப் போகும்போதுதான் காற்புள்ளியை நீக்கி எண்ணாக மாற்றினோம். மொத்தம் என்பது ஆண், பெண் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தரவுத்தளத்திலேயே போட்டுவிட்டோம். தமிழ்நாட்டுக்கு 3,61,37,975 ஆண்கள், 3,60,09,055 பெண்கள், மொத்தம் 7,21,47,030. ஊர், தாலுகா, மாவட்டம் என்று ஒவ்வொரு படியிலும் இது நிற்க வேண்டும். நிற்காத வரி உள்ளே வராது.

ஒன்று மட்டும் கூட்டிப் பார்த்தாலும் பிடிபடாது. முதலில் வெளியான தற்காலிக எண்களில் மாநில மொத்தம் 7,21,38,958. அதுவும் தனக்குள் சரியாகக் கூடும். எந்த வெளியீட்டிலிருந்து வந்தது என்று ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

*

மேலே எழுதிய அண்ணா சொன்ன கூட்டல் சோதனை எண்ணுக்குச் சரி. நான் வேறொரு வேலையில் பட்டதைச் சொல்கிறேன். எங்களுக்குச் சிக்கல் ஊர்ப் பெயரில். தமிழில் இருந்த பயனாளிகள் பட்டியல் அது. பழைய கோப்புகள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி எழுத்துருவில் இருந்ததால், நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. அதற்கு மாற்றிகள் உண்டு, என்எச்எம் கன்வெர்ட்டரில் மாற்றிக்கொண்டோம்.

யூனிகோடு கோப்புகள்தான் அதிகம் படுத்தின. பக்கத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது அல்லவா, பல பிடிஎஃப்களில் எடுக்கும்போதும் அப்படியே முன்னால் வந்துவிடும். யூனிகோடிலோ அது எழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். கொம்பையும் காலையும் சரியான இடத்துக்கு நகர்த்த ஒரு சின்ன நிரல் எழுதினோம். அதற்குப் பிறகும் இரண்டு 'கோட்டை'கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒன்றில் 'கோ'வின் குறி ஒரே குறியீடு, மற்றதில் கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதை ஒருமைப்படுத்த நார்மலைஸ் என்ற செயல்கூறு இருக்கிறது, அதைப் போட்டதும் பெரும்பகுதி சரியானது.

சரியாகாதது 'கௌ'. பலர் கொம்போடு 'ள' என்ற எழுத்தையே சேர்த்துத் தட்டியிருப்பார்கள், அது எந்த விதிப்படியும் வேறு எழுத்துதான். கௌண்டம்பாளையம், கவுண்டம்பாளையம் எல்லாம் ஒரே ஊரா என்று ஊர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. நாங்கள் ஊராட்சிக் குறியீட்டை வைத்துச் சேர்த்தோம், பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

*

நீங்கள் இருவரும் சொன்னது எழுத்து உள்ள பிடிஎஃப்கள். நான் பார்த்தது 1961 காலத்துப் பழைய கையேடுகளின் ஸ்கேன். உள்ளே எழுத்தே கிடையாது, வெறும் படம். டேபுலாவால் பயனில்லை. நெடுவரிசை வாரியாகப் படத்தை வெட்டி, எண்களை மட்டும் தேடச் சொல்லி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற நிரலுக்குக் கொடுத்தோம். முழுப் பக்கத்தைக் கொடுத்ததைவிட இது எவ்வளவோ மேல்.

கூட்டல் தப்பும் வரிகளில், அச்சான மொத்தத்துக்கும் நாம் கூட்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 5, 50, 500 என்று வந்தால் 3ஐயும் 8ஐயும் குழப்பியிருக்க வாய்ப்பு அதிகம். 6, 60, 600 என்றால் 1ம் 7ம். எந்த இலக்கத்தில் தப்பு என்பதும் தெரிந்துவிடுவதால், படத்தில் அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், கையால் தட்டியவர் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போட்டிருக்கலாம். கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்யும் சோதனைதான் இது.

சில இடங்களில் மூல அச்சிலேயே கூட்டல் தவறாக இருந்தது. அவற்றை நாங்கள் திருத்தவில்லை. அச்சில் உள்ளபடியே ஏற்றி, பக்கத்தில் ஒரு குறிப்பு நெடுவரிசையில் எழுதி வைத்தோம். அந்த வரிகளுக்கு மட்டும் நிபந்தனையைத் தளர்த்த வேண்டியிருந்தது.