பங்குனி உத்திர அழைப்பிதழ்: மூணு வாரமா கை ஓடலை

ரங்கூன் தூரிகை:
அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். யாங்கூன்ல வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை போர்டு டிசைன் பண்றேன். 11 வருஷ வேலை. இப்படி ஒருநாளும் முடங்கினதில்லை.

ஒரு கோயில் கமிட்டி பங்குனி உத்திர அழைப்பிதழ் கொடுத்திருக்காங்க. தமிழும் பர்மியமும் பக்கத்துல பக்கத்துல வரணும், ஏன்னா இங்க நிறையப் பிள்ளைங்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. 14 மாதிரி போட்டாச்சு. எல்லாத்துலயும் மேல மயில், ஓரத்துல குத்துவிளக்கு, நடுவுல வேல். போன வருஷம் போட்டதேதான், கலர் மட்டும் வேற. கரண்ட் எப்ப வரும்னு காத்திருந்து, வந்ததும் ஓடிப்போய் இல்லஸ்ட்ரேட்டரைத் திறந்தா, ஒண்ணுமே தோணலை. பின்டரஸ்ட்ல தேடப் போய் ரெண்டு மணி நேரம் போயிடுது. அப்புறம் கரண்டும் போயிடுது.

நேத்து அம்மா, "சாமி காரியத்தை மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டா செய்யறது?"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. உங்களுக்கு இப்படி ஆனப்போ என்ன பண்ணீங்க?

பழைய போர்டுக்காரர்:
தம்பி, நான் 30 வருஷம் பிரஷ் பிடிச்சு போர்டு எழுதினவன். மயிலையும் விளக்கையும் முதல்ல உட்கார வச்சுட்டு, மிச்ச இடத்துல எழுத்தைத் திணிக்கிறே. அங்கதான் சிக்கல். அழைப்பிதழ்னா அழைக்கிறது எழுத்துதானே?

கரண்ட் போனா போகட்டும். பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்தை எடு. ‘பங்குனி’யில முதல் எழுத்து ‘ப’. அதை மட்டும் எழுது. நம்ம ‘ப’வுக்குக் கீழே ரெண்டு மூலை, மேல திறந்து நிக்கும். பக்கத்துலயே பர்மிய ‘ப’வை எழுதிப் பாரு. அதுவும் மேலதான் திறந்திருக்கும், ஆனா மூலையே கிடையாது, உருண்டை. ரெண்டும் பிராமிங்கிற பழைய எழுத்துல இருந்த ‘ப’வோட பிள்ளைங்க. ஓலையில எழுத்தாணியால நேர்கோடு இழுத்தா நார்வாக்குல கிழிஞ்சிடும், அதனாலதான் பர்மிய எழுத்து இப்படி உருண்டதுன்னு சொல்லுவாங்க.

50 தடவை எழுது. நல்லா வரணும்னு நினைக்காதே. மூலையில திரும்பும்போது கை ஒரு நொடி நிக்கும், அங்க பெயிண்ட் கொஞ்சம் தேங்கும். இத்தனை வருஷம் கழிச்சும் அந்தத் தேக்கத்தைப் பார்க்க எனக்கு ஆசை. லதா, நோட்டோ சான்ஸ்னு எந்த ஃபான்ட்டுலயும் அது கிடைக்காது.

மௌல்மீன் அக்கா:
அண்ணன் சொல்றது சரி. ஆனா மயிலே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க தம்பி, வயசானவங்க அதைத் தேடுவாங்க. பின்பக்கம் சின்னதா வைங்க. கலரும் ஒண்ணே போதும், குங்குமச் சிவப்பு. கமிட்டிக்கு 14 மாதிரியைத் தூக்கிட்டுப் போகாதீங்க, ஆளுக்கு ஒண்ணு பிடிச்சுக்குவாங்க.

அப்பா தவறினப்போ எனக்கும் கை நின்னுச்சு. ரெண்டு மாசம் வாசல்ல கோலம் மட்டும்தான் போட்டேன். அதுக்கு யாரும் திருத்தம் சொல்ல மாட்டாங்க பாருங்க.

ரங்கூன் தூரிகை:
அண்ணே, அக்கா, ராத்திரி எமர்ஜென்சி லைட்டுல உட்கார்ந்தேன். முதல் 20 ‘ப’ ஃபான்ட்டைப் பார்த்துக் காப்பியடிச்ச மாதிரியே வந்துச்சு. 30 தாண்டினப்புறம் தோள் இளகிடுச்சு. சும்மா ஒரு தடவை தமிழ் ‘ப’வோட பெட்டிக்குள்ள பர்மிய ‘ப’வை உட்கார வச்சேன். ரெண்டு வாயும் மேல ஒரே உயரத்துல திறந்திருக்கு. பர்மியத்துல எழுதினாலும் பங்குனி அந்த ‘ப’வுலதானே தொடங்குது!

தாளை மேசைமேலயே வச்சுட்டுத் தூங்கிட்டேன். காலையில அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தவங்க, குனிஞ்சு பார்த்துட்டு, "என்னடா, பால்குடமா?"ன்னாங்க. நான் எதுவுமே சொல்லலை அக்கா.

மயில் பின்பக்கம் போயாச்சு. ஸ்கேன் பண்ணக் கரண்டுக்குக் காத்திருக்கேன்.