அவசரம்: ஸ்பிட்ஃபயர் ஆயில் பம்ப் போச்சு, ஞாயிறுக்குள்ள வண்டி ஓடணும்

தண்டை_ஸ்பிட் | செவ்வாய், இரவு 11.20
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பாவோட பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார்ல ஆயில் பம்ப் போயிடுச்சு. ஆயில் பிரஷர் லைட்டு அணைய மாட்டேங்குது. மெக்கானிக் சம்பை (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தட்டு) கழட்டிப் பார்த்துட்டு பம்ப்பு தேஞ்சிருக்கு, புதுசு போட்டா சரியாயிடும்னு சொல்லிட்டார். வர ஞாயிறு அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருவொற்றியூர் கோயில்ல. அந்த வண்டியிலதான் அப்பாவையும் அம்மாவையும் உக்கார வெச்சு கூட்டிட்டுப் போகணும்னு ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன். ஜிபி ரோட்ல நாலு கடை ஏறி இறங்கிட்டேன், வண்டி பேரைக் கேட்டதுமே கையை விரிக்கிறாங்க. புதுப்பேட்டையில யாராவது தெரியுமா? புது பம்ப் எங்க கிடைக்கும்? ப்ளீஸ், அவசரம்.

வியாசை_பட்டறை | செவ்வாய், இரவு 11.41
தம்பி, ஸ்பிட்ஃபயர்னா எந்த ஸ்பிட்ஃபயர்? 1147 சி.சி.யா, 1296ஆ, 1500ஆ? அது தெரியாம பம்ப்ப எங்கன்னு போய்த் தேடறது?

கொடுங்கையூர்_கியர் | செவ்வாய், இரவு 11.48
பம்ப்பெல்லாம் ஒன்னும் ஆயிருக்காது பாஸ். பிளாக்ல மாட்டியிருக்கிற பிரஷர் சுவிட்ச் போயிருக்கும். அந்த ஒயரைப் புடுங்கிப் பாருங்க, லைட்டு அணைஞ்சா சுவிட்ச்தான். எங்க மாமா வண்டியில இதே கதைதான்.

வியாசை_பட்டறை | செவ்வாய், இரவு 11.55
ஒயரைப் புடுங்கினா சுவிட்ச் நல்லாயிருந்தாலும் லைட்டு அணையத்தான்பா செய்யும். அதுல இருந்து ஒன்னும் தெரியாது. ஒயர் எங்கயாவது பாடியில படுதான்னு மட்டும் தெரியும். தம்பி, பிரஷர் எத்தனை காட்டுது? அத சொல்லு.

இன்ஜின்_வாத்தியார் | புதன், காலை 6.10
ஒவ்வொரு முறையும் இதே நிலைதான். மாடல் இல்லை, வருடம் இல்லை, கிலோமீட்டர் இல்லை, என்ன ஆயில் என்று இல்லை, சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்றும் இல்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு "அவசரம்" என்று மட்டும் எழுதினால் யார் என்ன செய்ய முடியும்? சர்வீஸ் மேனுவலை ஒரு முறையாவது திறந்து பார்த்தீர்களா? இரண்டு லிட்டருக்குக் கீழ் உள்ள பிரிட்டிஷ் இன்ஜின்களில் 20டபிள்யூ-50 கிரேடு ஆயில் தவிர வேறு எதை ஊற்றினாலும் பிரஷர் நிற்காது. முதலில் எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

மேலும் வியாசைக்கு: ஸ்பிட்ஃபயர் டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டரே கிடையாது. பெட்ரோலுக்கும் டெம்பரேச்சருக்கும் முள் உண்டு, ஆயிலுக்கு லைட் மட்டும்தான். இது அடிப்படை.

தண்டை_ஸ்பிட் | புதன், காலை 8.35
சாரி, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். மார்க் 3. அப்பா 1994ல வாங்கினது. ஆயில் என்னன்னு தெரியல, மெக்கானிக் ஊத்தினது. வாத்தியார் சொன்ன மாதிரி மீட்டர் இல்ல, லைட்டுதான். ஆபீஸ் கிளம்பறேன், சாயந்திரம் வரேன்.

வியாசை_பட்டறை | புதன், காலை 8.50
மார்க் 3னா 1296ஆ இருக்கணும். ஆனா இந்த ஊர்ல அம்பது வருஷத்துல எந்த வண்டியில எந்த இன்ஜின் உக்காந்திருக்குன்னு சொல்ல முடியாது. பிளாக்ல இருக்கிற நம்பரைப் பாரு. எஃப்டின்னு ஆரம்பிச்சா 1296. எஃப்சின்னு இருந்தா அது 1147, யாரோ மாத்திப் போட்டிருக்காங்க.

அப்புறம் அந்த சுவிட்சைக் கழட்டிட்டு அதே ஓட்டையில ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டு. மறை சரியா பார்த்து அடாப்டர் வாங்கிக்க. நம்பர் தெரியாம பம்ப்பைக் குத்தம் சொல்லாத.

எண்ணூர்_புல்லட் | புதன், காலை 10.15
கார் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா திருவொற்றியூர் கம்பெனி வண்டியோட முப்பது வருஷமா குப்பை கொட்டறேன். பழைய புல்லட்ல ரெண்டு பம்ப், ஒன்னு ஆயிலைத் தள்ளும், இன்னொன்னு இழுத்து டேங்குக்குத் திருப்பும். ரெண்டையும் சுத்தறது டைமிங் பக்கம் இருக்கிற ஒரே வார்ம் கியர்தான். அது தேஞ்சா பம்ப்பு புதுசா இருந்தும் பிரயோஜனம் இல்ல. இதுலயும் பம்ப்பை சுத்தற கியர் போயிருக்குமோ?

வியாசை_பட்டறை | புதன், காலை 10.40
நல்ல கேள்விண்ணே. இதுல கேம்ல இருந்து ஒரு கியர், அது மேல டிஸ்ட்ரிபியூட்டரை சுத்தும், கீழ பம்ப்பை சுத்தும். இன்ஜின் ஒழுங்கா ஓடுதுன்னா கேம் கியர் நல்லாயிருக்குன்னு அர்த்தம். கீழ பம்ப்புக்குப் போற நாக்கு ஒடைஞ்சிருந்தாதான் பிரச்சினை. அத மெக்கானிக் பார்த்திருப்பாரு.

கொடுங்கையூர்_கியர் | புதன், காலை 11.05
வாத்தியார் சார், 20டபிள்யூ-50 தவிர எதுவும் ஆகாதுன்னு சொல்றது சரியில்ல. நம்ம ஊர் வெயிலுக்கு நல்ல 15டபிள்யூ-40 டீசல் ஆயிலே போதும். பழைய டேப்பெட்டுக்குத் தேவையான ஜிங்க் அதுல இருக்கு. நான் பத்து வருஷமா ஊத்தறேன்.

இன்ஜின்_வாத்தியார் | புதன், காலை 11.30
உங்கள் மாமா வண்டியில் சுவிட்ச், உங்கள் வண்டியில் டீசல் ஆயில். பிரிட்டிஷ்காரன் எழுதிய மேனுவல் எல்லாம் வீண் வேலை போலிருக்கிறது.

கொடுங்கையூர்_கியர் | புதன், காலை 11.34
அவன் எழுதினது அவன் ஊர்ல அப்ப கிடைச்ச ஆயிலுக்கு. எங்க வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

எண்ணூர்_புல்லட் | புதன், மதியம் 12.02
ரெண்டு பேரும் ஆயிலை விடுங்க. புல்லட்டுல கோடைக்கு ஒன்னு, மழைக்கு ஒன்னுன்னு ஊத்தின காலம் உண்டு. ரெண்டுலயும் வண்டி ஓடிச்சு.

சோழாவரம்_நினைவு | புதன், மதியம் 1.20
ஆயில் சண்டையைப் பார்த்ததும் பழசு ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் அண்ணனோடு சோழாவரம் கார் ரேஸுக்குப் போவேன். யுத்த காலத்து ஏரோடிரோம், டி எழுத்து மாதிரி ரன்வே. புழுதியும், ரேஸ் இன்ஜினில் ஊற்றும் விளக்கெண்ணெய் வாசமும் ஒன்றாக வரும். ஹெரால்டையும் ஃபியட்டையும் செதுக்கி ஓட்டுவார்கள். இருங்காட்டுக்கோட்டை வந்த பிறகு எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நம்ம வடசென்னைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ரேஸ் மைதானம். தம்பி, பம்ப் கிடைக்கவில்லை என்றால் பழைய ஹெரால்டு ஒன்றைப் பிரித்து அதன் பம்பை எடுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்தானே, ஹெரால்டு நம்ம வண்டலூரில் செய்த வண்டி.

இன்ஜின்_வாத்தியார் | புதன், மதியம் 1.45
ஹெரால்டு 948 சி.சி. குடும்பம் ஒன்று என்பதற்காக அளக்காமல் கொண்டு போய் மாட்டச் சொல்லாதீர்கள்.

லோகோ_ஃபிட்டர் | புதன், மாலை 4.30
எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர் ரயில்வேயில் 34 வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பியிடம் இரண்டே கேள்வி.

முதல் கேள்வி, சம்பைக் கழட்டியபோது அடியில் வேறு ஏதாவது கிடந்ததா? தூள், துண்டு, தகடு, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இரண்டாவது, அப்பா சிக்னலில் நிற்கும்போது கியரைப் போட்டு கிளட்ச்சை மிதித்தபடியே நிற்பவரா?

பதில் வரும்வரை அந்த இன்ஜினை செல்ஃப் அடிக்க வேண்டாம். ஒரு தடவைகூட வேண்டாம்.

தண்டை_ஸ்பிட் | புதன், இரவு 9.10
நம்பர் பார்த்தேன், எஃப்டிதான்.

ஐயா, சம்ப்ல ஒரு சின்ன தகடு கிடந்துச்சு, பிறை மாதிரி, பாதி வளையம். ஒரு பக்கம் வழவழன்னு தேஞ்சு போய் இரும்பு தெரியுது. கேஸ்கெட் வைக்கறப்ப யாரோ உள்ள விட்டிருப்பாங்கன்னு மெக்கானிக் ஓரமா வெச்சிட்டார். அது முக்கியமா?

அப்பா ஆமா, கிளட்ச்ல கால் வெச்சுட்டேதான் நிப்பாரு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்லயும் சரி, எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி வரிசையிலயும் சரி. ஏன்?

வியாசை_பட்டறை | புதன், இரவு 9.14
ஐயோ தம்பி. அத மொத போஸ்ட்லயே சொல்லியிருக்கலாம்ல.

லோகோ_ஃபிட்டர் | புதன், இரவு 9.50
அதுதான் முக்கியம். அது கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டின், த்ரஸ்ட் வாஷர். பின்பக்க மெயின் பேரிங்கில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு அரை வளையம் இருக்கும். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்கை முன்பக்கம் தள்ளுகிறோம். அந்தத் தள்ளலை வாங்குவது பின்னால் இருக்கும் வாஷர். அது தேய்ந்து மெலிந்து, ஒரு நாள் கழன்று சம்பில் விழும். இந்த இன்ஜின்களுக்குப் பேர்போன வியாதி இது. விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். அப்புறம் பிளாக்கே போய்விடும்.

இப்போது பம்ப்புக்கு வருவோம். அரைபட்ட உலோகத் தூள் முழுக்க ஆயிலில்தானே கலந்தது? பெரியதை ஸ்ட்ரெயினர் வலை தடுக்கும், பொடியைத் தடுக்காது. பொடி பம்ப்புக்குள் போய், உள்ளே சுற்றும் ரோட்டரையும் மூடியையும் கீறும். பிரஷர் அதிகமானால் ஆயிலை வடித்துவிடும் ரிலீஃப் வால்வில் சிக்கினால் வால்வு மூடாது, பிரஷர் முழுக்க அங்கேயே வடிந்துவிடும். பம்ப் தேய்ந்தது உண்மைதான். ஆனால் அது கடைசியாக அடி வாங்கிய ஆள். புதுப் பம்ப் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் திருவொற்றியூர் தேரடி போவதற்குள் அதுவும் கீறிவிடும்.

செய்ய வேண்டியது: இரண்டு பேர் போதும். ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட வேண்டும், இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் போனால் வாஷர் போனது உறுதி. பின் மெயின் கேப்பைக் கழட்டி, வாஷர் உட்காரும் இடத்தில் பிளாக்கில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் தப்பித்தோம். புது வாஷரில் +5 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் உண்டு, இன்ஜினை இறக்காமல் கீழிருந்தே மாற்றலாம். எண்ணெய்க் காடி உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

தண்டை_ஸ்பிட் | புதன், இரவு 10.20
புல்லி ஆடுது ஐயா. நல்லா தெரியுது. வாஷர் வெளிநாட்டுல ஆர்டர் போட்டா ஞாயிறுக்குள்ள வராதே.

லோகோ_ஃபிட்டர் | புதன், இரவு 10.45
வராது. வண்டியை ஞாயிற்றுக்கிழமை எடுக்காதீர்கள். அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றாலும் பேசுகிறேன். அறுபது வயதில் அவருக்கு அந்த இன்ஜின் முழுசாக இருப்பதுதான் பெரிது.

அதுவரை பழைய பம்ப்பை வீட்டிலேயே சரி செய்யலாம், மனசு வைத்தால். பம்ப் உடம்பின் மேல் ஸ்கேலை வைத்து, ஸ்கேலுக்கும் ரோட்டருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 4 தௌ, அதாவது 0.1 மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. உள் ரோட்டர் முனைக்கும் வெளி ரோட்டருக்கும் 10 தௌ வரை பரவாயில்லை. அந்த 10 தாண்டியிருந்தால் பம்ப்பை விட்டுவிடுங்கள். 4 மட்டும் தாண்டியிருந்தால் ரோட்டரை எடுத்துவிட்டு உடம்பின் முகத்தை லேப் பண்ணலாம், அதாவது தேய்த்துச் சமமாக்கலாம். கனமான கண்ணாடி ஒன்று, அதன் மேல் 400 எமரி, கொஞ்சம் மண்ணெண்ணெய். முகம் முழுக்க நீலப் பேனாவால் கோடு போடுங்கள். லைசென்சுக்கு 8 போடுவோமே, அதே மாதிரி சுற்றுங்கள். பத்து சுற்றுக்கு ஒரு தடவை பம்ப்பைக் கால்வாசி திருப்பிப் பிடியுங்கள், இல்லையென்றால் கை அழுத்தும் பக்கமே தேயும். நீலம் எல்லா இடத்திலும் ஒன்றாக மறைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழுவி அளக்க வேண்டும். 2 தௌ எடுக்க ஒரு மணி நேரம் ஆனால் அதுதான் சரியான வேகம். மூடியில் ரோட்டர் வட்டமாகக் கீறியிருக்கும், அதையும் இப்படியே. லேத்தில் கொடுத்து ஒரே இழுப்பில் எடுக்க வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் பம்ப்புக்குள் ஆயிலை நிரப்புங்கள். ரிலீஃப் வால்வைக் கழட்டி பிளஞ்சர் தன் எடையில் வழுக்குகிறதா பாருங்கள். பிளக் நான்கையும் கழட்டிவிட்டு செல்ஃபில் சுற்றி லைட் அணைந்த பிறகுதான் பிளக் போட வேண்டும்.

இன்ஜின்_வாத்தியார் | வியாழன், காலை 6.05
லோகோ ஐயா சொன்னது சரி. த்ரஸ்ட் வாஷரை நான் கேட்டிருக்க வேண்டும், ஆயிலிலேயே நின்றுவிட்டேன். ஒன்று சேர்க்கிறேன்: ஆயில் ஃபில்டர் படுத்த வாக்கில் இருந்தால், நிறுத்தி வைக்கும்போது வடிந்துவிடும். உள்ளே வடியாத வால்வு உள்ள ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள். சூடான இன்ஜினில் 2000 ஆர்.பி.எம்.மில் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வர வேண்டும். ஆயில் 20டபிள்யூ-50.

கொடுங்கையூர்_கியர் | வியாழன், காலை 7.20
15டபிள்யூ-40ம் ஊத்தலாம்.

சோழாவரம்_நினைவு | வியாழன், காலை 9.00
பிஸ்டன் ராடு கிராங்கில் மாட்டும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங்கையும் ஒன்று கழட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று தம்பி இன்னும் சொல்லவில்லையே.

வியாசை_பட்டறை | திங்கள், காலை 10.30
தம்பி, இன்னா ஆச்சு? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?

எண்ணூர்_புல்லட் | 9 நாள் கழித்து
யாராவது தம்பிகிட்ட பேசினீங்களா?

தண்டை_ஸ்பிட் | 24 நாள் கழித்து
மன்னிக்கணும், வேலை அதிகம். வாஷர் வந்துச்சு, +5 போட்டோம். பிளாக் தப்பிச்சுது. பிக் எண்ட் ரெண்டு கீறியிருந்துச்சு, நாலையும் மாத்தியாச்சு. பம்ப் 7 தௌ இருந்துச்சு, அப்பாவே மூணு ராத்திரி உக்காந்து கண்ணாடியில தேய்ச்சு 3க்கு கொண்டு வந்தார். ரிலீஃப் வால்வுல பொடி மாட்டியிருந்துச்சு, ஐயா சொன்ன மாதிரியே. செல்ஃப்ல சுத்தினப்ப கொஞ்ச நேரத்துலயே லைட்டு அணைஞ்சுது. கோயிலுக்கு அன்னைக்கு ஆட்டோலதான் போனோம். இப்ப கேட்ல அப்பா நியூட்ரல்ல போட்டுட்டு காலை எடுத்துடறார். லோகோ ஐயாவுக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.

லோகோ_ஃபிட்டர் | 24 நாள் கழித்து
ரொம்ப சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், மிச்சப் பொடி வெளியே வந்துவிடும். கேஜ் மாட்டினீர்களா? சூடான பிறகு 2000இல் எத்தனை காட்டுகிறது?