தாத்தா கேமராவுக்கு ஒரு பேட்டரி

குழு: பாளையங்கோட்டை வீடு

சனி

நான் (இரவு 8:12): ஆச்சியின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். தாத்தாவின் கேமரா கிடைத்தது! சோனி சைபர்ஷாட் டபிள்யூ120. சார்ஜர், உறை எல்லாம் கூடவே இருக்கிறது. ஆச்சியின் 80-வது பிறந்தநாளுக்கு இதிலேயே படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் பேட்டரி உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மூடி திறக்கிறது, பேட்டரி அசைய மாட்டேன் என்கிறது.

தம்பி (8:14): அக்கா, சின்ன ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பிப் பார்.

மதுரை மாமா (8:14): வேண்டாம்! நெம்பாதே.

மதுரை மாமா (8:17): பேட்டரி உப்பியிருக்கும். லித்தியம் பேட்டரி பழசானால் உள்ளே வாயு சேர்ந்து ஊதிவிடும். கூர்மையாக எதுவும் குத்தினால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். "ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்" என்றும் யாரும் சொல்லாதீர்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்ன நெம்பியை விரலால் தள்ளிக்கொண்டே உள்ளங்கையில் லேசாகத் தட்டு. வரவில்லை என்றால் விட்டுவிடு, திங்கட்கிழமை சர்வீஸ் கடையில் கொடுத்துக்கொள்ளலாம்.

நான் (8:41): வந்துவிட்டது மாமா! நாலைந்து தடவை தட்ட வேண்டியிருந்தது. (படம்)

மதுரை மாமா (8:43): பார், நடுவில் எப்படி மேடு தட்டியிருக்கிறது. செப்பு முனைகள் மேல் செல்லோடேப் ஒட்டு. ஒரு தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலான இடத்தில் வை. குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுக்க வேண்டும்.

கோவை பெரியம்மா (8:50): அப்பாவின் கேமராவா! தீபாவளிக்கு எங்களை வாசலில் நிற்க வைத்து எடுப்பாரே, அதுதானே? எப்படியாவது ஓட வைத்துவிடு கண்ணு.

ஞாயிறு

துபாய் அண்ணன் (காலை 10:05): பேட்டரியின் பெயர் என்பி-பிஜி1. இணையத்தில் ஒன்று பார்த்தேன். கம்பெனி பெயரே போட்டிருக்கிறது, விலையும் ரொம்பக் குறைவு. வாங்கி எடுத்து வரட்டுமா மாமா?

மதுரை மாமா (10:20): எனக்கு அதில்தான் பயம். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கேமராவுக்குக் கம்பெனி பேட்டரி, அதுவும் அடிமாட்டு விலைக்கு எங்கிருந்து வரும்? வேறு நிறுவனம் தன் பெயரைப் போட்டுச் செய்கிற பேட்டரியை நான் குறை சொல்ல மாட்டேன். பெயர் போட்டவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்தவன் பெயரைத் திருடி ஒட்டுகிறவனுக்கு அந்தக் கவலை கிடையாது.

மதுரை மாமா (10:26): ஸ்டுடியோ நடத்திய காலத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். கேனான் கேமராவுக்கு எல்பி-இ6 பேட்டரி, ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லி விற்றார்கள். பெட்டி, ஹாலோகிராம் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரம், திரையில் பேட்டரி முக்கால்வாசி காட்டுகிறது. கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்ததும் கேமரா அணைந்துவிட்டது. இன்னொரு கேமராவோடு பையன் நின்றதால் தாலி கட்டும் படம் கிடைத்தது. இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்லியிருப்பேன்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

தம்பி (10:29): முக்கால்வாசி காட்டியது எப்படி அணையும் மாமா?

மதுரை மாமா (10:38): நல்ல கேள்வி. எல்பி-இ6 மாதிரி பேட்டரிக்குள் ஒரு சிப் இருக்கிறது. மிச்சம் எவ்வளவு என்று அதுதான் கேமராவுக்குச் சொல்லும். சிப் சரியில்லை என்றால் கேமராவுக்குத் தெரிவது மின்னழுத்தம் மட்டும். மட்டமான செல் சும்மா இருக்கும்போது நல்ல மின்னழுத்தம் காட்டும். ஷட்டர் அடித்து, லென்ஸ் மோட்டார் ஓடி இழுக்கும்போது சடாரென்று கீழே விழும். உடனே கேமரா அணைந்துவிடும். மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்திருந்தால் கீழே சொட்டுச் சொட்டாக வருமே, அப்படி.

துபாய் அண்ணன் (10:44): என் நண்பனின் கேனான் 200டி-யில் வெளி பேட்டரி, அதாவது வேறு நிறுவனம் செய்த பேட்டரி போட்டால், "இந்தப் பேட்டரியில் கேனான் லோகோ இருக்கிறதா?" என்று திரையில் கேட்கிறது. அதுவும் இந்த சிப் விவகாரம்தானா?

மதுரை மாமா (10:47): அதேதான். அவனுடையது எல்பி-இ17. சில வெளி பேட்டரிகள் கேனான் சார்ஜரிலேயே ஏறாது, கூட வரும் சார்ஜரில்தான் ஏறும். படம் எடுக்க ஓடும், மிச்சம் எவ்வளவு என்று மட்டும் சொல்லாது.

மதுரை மாமா (10:53): இன்னொன்றும் உண்டு. 2013-ல் நிக்கான் டி3200, டி5200 மாதிரி கேமராக்களுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது கேமராவை உள்ளிருந்து இயக்குகிற மென்பொருள், வந்தது. அதைப் போட்டதும் அதுவரை ஓடிய பல வெளி பேட்டரிகளை கேமரா ஏற்கவில்லை. அதனால் வெளி பேட்டரி வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேர் மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். தாத்தா கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. இனி அதற்கு எந்த ஃபர்ம்வேரும் வரப்போவதில்லை.

நான் (11:02): அப்படியென்றால் எங்காவது பழைய ஒரிஜினல் பிரிக்காத பெட்டியோடு கிடைத்தால் அதை வாங்கலாமா மாமா?

மதுரை மாமா (11:09): வாங்கலாம், ஆனால் நான் வாங்க மாட்டேன். லித்தியம் செல் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் அதற்கு வயதாகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கி, ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் அப்புறம் அதைச் சார்ஜ் பண்ணுவதே ஆபத்து. பத்து வருடம் அலமாரியில் கிடந்த ஒரிஜினலைவிட, போன வருடம் செய்த நல்ல வெளி பேட்டரி மேல்.

தம்பி (11:15): நான் ஒன்று பார்த்தேன், 1800 எம்ஏஎச்! பழையதில் 960-தான் போட்டிருக்கிறது. இதை வாங்கினால் ஒரு நாள் முழுக்க ஓடும்!

மதுரை மாமா (11:18): எம்ஏஎச் என்பது பேட்டரிக்குள் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்ற கணக்கு. அதே அளவு டப்பாவுக்குள் இரண்டு மடங்கு எப்படியடா அடங்கும்? 960-க்கு ஒட்டி ஆயிரத்துச் சொச்சம் போட்டிருந்தால் நம்பலாம். 1800 என்று அச்சடிக்கிறவன் லேபிளில் மற்றதையும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

நான் (11:21): சோனியில் 3.6 வோல்ட், கடையில் பார்ப்பதில் எல்லாம் 3.7 வோல்ட் என்று இருக்கிறது. கேமராவுக்கு ஒன்றும் ஆகாதா?

மதுரை மாமா (11:25): ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே வகை செல்தான், முழுக்க ஏறினால் 4.2 வோல்ட். சராசரியை ஒருவர் 3.6 என்று எழுதுகிறார், இன்னொருவர் 3.7 என்கிறார்.

மதுரை மாமா (11:31): லேபிளில் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், அதோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பார். இந்தியாவில் விற்கிற லித்தியம் பேட்டரிக்கு அது கட்டாயம். பிஐஎஸ் கேர் என்று அரசு செயலி இருக்கிறது. அதில் அந்த ஆர் எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த எண் என்று காட்டும். எண் இல்லாததைத் தொடாதே.

துபாய் அண்ணன் (11:40): அப்போது நான் இங்கே வாங்கவில்லை, அங்கேயே வாங்கட்டும். என் கேமராவின் உபரி பேட்டரி இரண்டைப் பெட்டியில் போட்டு வரலாமா?

மதுரை மாமா (11:42): செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு) வரை தடையில்லை, கேமரா பேட்டரியெல்லாம் அதற்கு எவ்வளவோ கீழே. முனைகள் சாவி, சில்லறையோடு உரசாமல் தனித்தனி உறையில் போடு.

வியாழன்

நான் (மாலை 5:30): வந்துவிட்டது மாமா, இரண்டு வாங்கினேன். ஒரு நிறுவனம் தன் பெயரிலேயே செய்தது. ஆர் எண்ணைச் செயலியில் போட்டுப் பார்த்தேன், அதே பெயர் வருகிறது. லேபிளில் 1000 எம்ஏஎச்.

மதுரை மாமா (5:34): நல்லது. முதலில் சார்ஜ் போடாமல் கேமராவுக்குள் நுழைத்துப் பார். இறுக்கமாகப் போனால் திருப்பி அனுப்பிவிடு. சூட்டில் இன்னும் இறுகும், மறுபடி நெம்புகிற கதையாகிவிடும்.

நான் (5:37): வழுக்கிக்கொண்டு போகிறது, தானாகவே வெளியே வருகிறது.

மதுரை மாமா (5:39): சரி. முதல் சார்ஜை மெத்தை மேல் போடாதே, சிமெண்டுத் தரையில் போடு. நீ முழித்திருக்கும்போது போடு. அரைமணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்.

கோவை பெரியம்மா (8:15): என்ன ஆயிற்று? நான் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் (8:52): ஓடுகிறது பெரியம்மா!!! தேதியும் மணியும் கேட்கிறது.

மதுரை மாமா (8:54): கேட்கும். கடிகாரத்துக்கென்று உள்ளே தனியாக ஒரு குட்டி பேட்டரி உண்டு, அது இறங்கிப் போயிருக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியை உள்ளே போட்டு, கேமராவை அணைத்து ஒரு நாள் விடு. அதுவும் ஏறிவிடும். கார்டை வெளியே எடுத்துவிட்டு ஒரு தடவை படங்களைப் பார். கேமராவின் சொந்த நினைவகத்தில் எடுத்தது ஏதாவது இருந்தால் அப்போதுதான் தெரியும்.

நான் (9:03): நாலு படம் இருக்கிறது. ஒன்றில் தாத்தாவின் விரல்தான் பாதி. இரண்டு படம் பின்கட்டு முருங்கை. கடைசிப் படத்தில் ஆச்சி அம்மியில் அரைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார். திரையைப் படம் பிடித்துப் போடுகிறேன். (படம்)

கோவை பெரியம்மா (9:05): அந்தச் சேலை நான் எடுத்துக் கொடுத்தது.

கோவை பெரியம்மா (9:06): முருங்கை இப்போது இல்லையே. புயலில் போனது.

துபாய் அண்ணன் (9:10): ஆச்சிக்குக் காட்டினாயா?

நான் (9:12): கையில் கொடுத்துவிட்டேன். இன்னும் திருப்பித் தரவில்லை. முருங்கையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

மதுரை மாமா (9:20): பார்க்கட்டும். பேட்டரி சூடாக இருக்கிறதா?

நான் (9:22): லேசான வெதுவெதுப்புதான் மாமா.

மதுரை மாமா (9:23): சரி. இரண்டிலும் ஸ்டிக்கரில் 1, 2 என்று எழுதி ஒட்டி, வாங்கிய மாதத்தையும் போடு. நாளைக்கு 2-ஐப் போட்டு வீட்டிலேயே ஒரு நூறு படம் எடுத்துப் பார். விழா முடிந்ததும் இரண்டையும் கேமராவிலிருந்து எடுத்து, பாதி சார்ஜில் பீரோவுக்கு வெளியே வை.