தங்கச்சி வெளிநாட்டில் அடி வாங்கிக்கொண்டு இருக்கிறாள், யாரிடம் போகச் சொல்வது?

தண்டையார்பேட்டை அக்கா:
வணக்கம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சி மேல்படிப்புக்குப் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. அங்கே ஒருவன் அவளை அடித்திருக்கிறான். இது முதல் தடவை இல்லை என்று இப்போதுதான் சொல்கிறாள். "அம்மாவிடம் சொல்லிவிடாதே அக்கா" என்று அழுகிறாள். காலேஜில் இதற்கென்று ஆபீஸ் ஏதாவது இருக்குமா? போலீசுக்குப் போனால் விசா போய்விடுமா? இங்கே உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

காசிமேட்டு நர்ஸ்:
அக்கா, உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 999. அவன் பக்கத்தில் இருந்து பேச முடியாவிட்டால், மொபைலில் அழைத்துவிட்டு, கேட்கும்போது 55 அழுத்தச் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 0808 2000 247, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. நான் இங்கிலாந்தில் பர்மிங்காம் வந்த முதல் குளிர்காலத்தில் சாயந்திரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் வாடகை வீட்டு ஓனர் மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பான். கையைப் பிடித்து இழுத்தான் ஒருநாள். ஆறு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பிய காசில் வந்திருக்கிறேன், இதை எப்படிச் சொல்வது என்று. உங்கள் தங்கச்சி மூன்றே மாதத்தில் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.

கொருக்குப்பேட்டை டல்லாஸ்:
எந்த நாடு என்றே சொல்லவில்லையே. அமெரிக்கா என்றால் 911. போலீஸ்தான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். புரொபசர் நல்லவராக இருந்தால் அவரிடமும் சொல்லச் சொல்லுங்கள். நான் வந்தபோது ஒரே அறையில் ஐந்து பேர், தரையில் மெத்தை, கல்விக் கடன் வட்டி ஊரில் ஏறிக்கொண்டே இருந்தது. காய்ச்சலில் கிடந்தேன், ஆம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து யாரையும் கூப்பிடவில்லை. யாராவது ஒரு பெரியவரிடம் சொல்லியிருந்தால் அந்த வருடம் வேறு மாதிரி போயிருக்கும்.

பெரம்பூர் ஐயா:
எதற்கு இவ்வளவு யோசனை? டிக்கெட் போட்டு ஊருக்குக் கூட்டி வந்துவிடுங்கள் அம்மா. படிப்பு எங்கே போகிறது. என் மகளை அனுப்பியபோது ஏஜென்ட் லட்சக்கணக்கில் வாங்கினான், ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகு போனையே எடுக்கவில்லை. பிள்ளைகளை அனுப்புகிற வரைதான் இவர்களுக்கு அக்கறை.

ராயபுரம்:
ஐயா, ஊருக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் நியூ ஜெர்சியில் கணவரோடு ஹெச்-4 விசாவில் இருந்தேன், கணவரின் வேலை விசாவை நம்பி இருக்கிற விசா அது. என் பெயரில் ஒரு வங்கிக் கணக்குகூட இல்லை. அங்கே ஒரு சங்கத்தில் முக்கியமானவரிடம் போய் அழுதேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, நம்ம ஆட்களுக்குள்ளே விஷயம் வெளியே போகக் கூடாது" என்றார். அடுத்த வாரமே என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. பொங்கலுக்குக் கோலம் போடக் கூப்பிடுகிற கூட்டம் இதற்கு உதவாது. எனக்குக் கைகொடுத்தது மானவி என்ற அமைப்பு. தெற்காசியப் பெண்களுக்காக 1985-இல் நியூ ஜெர்சியில் தொடங்கியது. விசா என்ன என்றுகூட முதலில் கேட்கவில்லை, "இன்று ராத்திரி எங்கே தூங்குவீர்கள்" என்றுதான் கேட்டார்கள்.

கொருக்குப்பேட்டை டல்லாஸ்:
எல்லாச் சங்கமும் அப்படி இல்லை. கொரோனா காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது சங்கம்தான்.

பெரம்பூர் ஐயா:
சோறு போடுவது வேறு, பெண் பிள்ளைக்கு ஆதரவாக நிற்பது வேறு தம்பி.

எண்ணூர்:
இந்தப் பேச்சு பிறகு இருக்கட்டும். அக்கா, நாலு விஷயம் தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். எந்த நாடு, எந்த மாநிலம்? அவளுக்கு என்ன விசா? அடித்தவன் யார், அதே காலேஜா? இந்த நிமிடம் அவள் எங்கே இருக்கிறாள்?

தண்டையார்பேட்டை அக்கா:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். அமெரிக்கா, டெக்ஸாஸ், ஹூஸ்டன் பக்கம். எஃப்-1, மாணவர் விசா. அவன் அவளுக்கு நிச்சயம் செய்த பையன், அதே காலேஜில் ஒரு வருடம் சீனியர். அவன் வீடு எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பாஸ்போர்ட் அவன் அறையில் இருக்கிறது. இப்போது அங்கே ராத்திரி பதினொன்று, வகுப்புத் தோழி ஒருத்தி அறையில் இருக்கிறாள். கழுத்தில் தடம் இருக்கிறது என்கிறாள்.

காசிமேட்டு நர்ஸ்:
கழுத்தை நெரித்தானா? அப்படியானால் இப்போதே எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லுங்கள், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். வெளியே லேசான தடம்தான் தெரியும், உள்ளே ரத்தக் குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம். மூச்சுத் திணறல், குரல் மாற்றம், விழுங்க வலி, தலைசுற்றல் எதுவும் இல்லை என்றாலும் போக வேண்டும். "கழுத்தை நெரித்தான்" என்ற வார்த்தையை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். "சும்மா சண்டை" என்று சொல்லிவிடப் போகிறாள்.

எண்ணூர்:
அதேதான், முதலில் மருத்துவமனை. பில்லைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தடத்தைத் தோழி போட்டோ எடுத்து வைக்கட்டும்.

அடுத்து, 1-800-799-7233, தேசிய குடும்ப வன்முறை உதவி எண். எந்நேரமும் உண்டு. பேச முடியாவிட்டால் START என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் 88788-க்கு மெசேஜ் அனுப்பலாம். தமிழ் வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஹூஸ்டனில் 1996 முதல் தயா என்ற அமைப்பு இருக்கிறது, தெற்காசியக் குடும்பங்களுக்கானது. நிச்சயம், சம்பந்தி என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

காலேஜ் விஷயத்தில் டல்லாஸ் தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். புரொபசரிடம் சொன்னால் அது அவரோடு நிற்காது. டெக்ஸாஸில் 2019-இல் வந்த சட்டப்படி, காதலன் அடித்தது, பின்தொடர்ந்தது போன்றவை தெரியவந்தால் காலேஜ் ஊழியர் டைட்டில் நைன் அதிகாரியிடம் (காலேஜில் பாலினப் பாகுபாடு, பாலியல் தொல்லைப் புகார்களைக் கவனிப்பவர்) சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் வேலை போகும், குற்றமும் ஆகும். அதில் தப்பில்லை, ஆனால் அவள் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அதனால் முதலில் கவுன்சலிங் சென்டர், இல்லாவிட்டால் ரகசியம் காக்கும் அட்வகேட் (வக்கீல் இல்லை, பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பவர்). காலேஜ் வெப்சைட்டில் 'கான்ஃபிடென்ஷியல்' என்று போட்டிருக்கும் பெயர்களைத் தேடட்டும். அவர்கள் நடந்த சம்பவத்தின் வகையை மட்டும்தான் தெரிவிப்பார்கள், பெயரை இல்லை.

டைட்டில் நைன் ஆபீசுக்குப் போனாலும் உடனே விசாரணை என்று இல்லை. புகார் கொடுக்காமலேயே, அவன் அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற உத்தரவு, வகுப்பு மாற்றம், அறை மாற்றம், அசைன்மென்ட்டுக்குக் கூடுதல் நாள், இதெல்லாம் கேட்கலாம். காசு கிடையாது.

தண்டையார்பேட்டை அக்கா:
கிளம்பிவிட்டார்கள். தோழி கார் ஓட்டுகிறாள். விசா?

எண்ணூர்:
எஃப்-1 அவள் பெயரில் இருக்கிறது அக்கா, அவன் தயவில் இல்லை. ராயபுரம் அக்காவின் ஹெச்-4 கதையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடி வாங்கியதைப் போலீசில் சொன்னதற்காக விசா போகாது. விசாவுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மனம் உடைந்து வகுப்பை விடுவது. ஒரு பாடத்தைக்கூட, சர்வதேச மாணவர் ஆபீஸில் இருக்கும் டி.எஸ்.ஓ என்ற அதிகாரியிடம் கேட்காமல் விடக் கூடாது. மருத்துவர் கடிதம் இருந்தால் படிப்புச் சுமையைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு, மொத்தம் 12 மாதம் வரை. பெரம்பூர் ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த ஆபீஸில் சொல்லாமல் விமானம் ஏறினால் திரும்பிப் போவது சிக்கலாகிவிடும்.

யு விசா பற்றி யாராவது சொல்வார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கானது, ஆண்டுக்கு 10,000 தான், வரிசையோ பல வருட நீளம். இன்றைக்கு அவள் அதை யோசிக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டுக்காக அவள் தனியாக அந்த அறைக்குப் போகவே கூடாது. போலீசைக் கூட வரச் சொல்லிக் கேட்கலாம். அப்படியும் கிடைக்காவிட்டால் போலீஸ் ரிப்போர்ட்டை வைத்து மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஹூஸ்டனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கோர்ட் பாதுகாப்பு உத்தரவுக்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமே அவளுக்காக மனுப் போடும், கட்டணம் இல்லை. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்றும் இல்லை.

காசிமேட்டு நர்ஸ்:
நாடு தெரியாமல் எங்கள் ஊர் எண்ணைக் கொடுத்துவிட்டேன், அதை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும்: அவள் போனில் லொகேஷன் ஷேரிங்கை நிறுத்த வேண்டும், மெயில் பாஸ்வேர்டை வேறு போனிலிருந்து மாற்ற வேண்டும். அந்த வீட்டு ஓனர் நான் எந்த பஸ்ஸில் வருகிறேன் என்பது வரை தெரிந்து வைத்திருந்தான்.

ராயபுரம்:
அக்கா, நீங்கள் இங்கே செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். அவன் வீட்டுக்கு இப்போது போகாதீர்கள், அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். இங்கே பேசினால் பத்தாவது நிமிடம் அங்கே அவனுக்குத் தெரிந்துவிடும். முதலில் தங்கச்சி பத்திரமாகட்டும். அவள் செலவுக்குக் கொஞ்சம் பணம், அவன் கை படாத கணக்குக்கு.

தண்டையார்பேட்டை அக்கா:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே பாதிப்பு இல்லை. மருத்துவமனையிலேயே போலீசிடம் சொல்லிவிட்டாள். காலேஜ் அட்வகேட்டைப் பார்த்துவிட்டாள், தொடர்புகொள்ளக் கூடாது என்ற உத்தரவு அவனுக்குப் போய்விட்டது. நாளைக்கு போலீஸ் கூட வர, பாஸ்போர்ட் எடுக்கப் போகிறாள். தயாவில் வியாழக்கிழமை பேச நேரம் கொடுத்திருக்கிறார்கள். டி.எஸ்.ஓ எந்தப் பாடத்தையும் விட வேண்டாம், ஒரு தேர்வை மட்டும் தள்ளிவைக்கலாம் என்றாராம்.

இன்று காலை அவன் அம்மா வாசலில் வந்து நின்று, "உன் தங்கச்சி ஏன் போனே எடுக்க மாட்டேங்கிறா" என்று கேட்டார். பரீட்சை என்று சொல்லிவிட்டேன். இனிமேல் மறைக்க முடியாது. தங்கச்சியே, "அப்பாவிடம் நீ சொல்லிவிடு" என்றாள். இன்று ராத்திரி சொல்லப் போகிறேன். அப்பா ஹார்பர் டியூட்டி முடிந்து எட்டு மணிக்கு வருவார்.

ராயபுரம்:
எட்டு மணிக்கு நான் வரட்டுமா? ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவேன். எனக்கு நடந்ததை நானே அவரிடம் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் ஆரம்பியுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:
வாருங்கள். ஏழரைக்கே வந்துவிடுங்கள், அம்மாவிடம் முதலில் சொல்லிவிடலாம்.